பிரிக்காத பழைய டாங்கிள் பெட்டியை வாங்காதீர்கள்

கியூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளின் 11ஆம் பதிப்பையோ அதற்கு முந்தையதையோ, லைசென்ஸைத் தாங்கும் சிறு செருகியான யூஎஸ்பி டாங்கிளோடு, பெட்டி பிரிக்காத புதிய சரக்கு என்று சொல்லி யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பதை இனி யாராலும் இயக்க முடியாது. எனக்கு விற்றவருக்கு இது நன்றாகத் தெரியும் என்றே நம்புகிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பக்திப் பாடல்களுக்கு இசைக்கோர்ப்பு செய்பவன். கோயில் திருவிழாக்களில் நாகஸ்வரக் கச்சேரிகளை அங்கேயே பதிவு செய்வதும் உண்டு. பல ஊர்களில் இணையம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அதனால் டாங்கிளில் இயங்கும் மென்பொருள்தான் வேண்டும் என்று சென்னையில் ஒலிப்பதிவுச் சாதனங்கள் விற்கும் ஒரு கடையில் கேட்டேன். இது 2025 ஜூலையில். கடைக்காரர் கியூபேஸ் ப்ரோ 10 பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். “ஸ்டாக்கில் தங்கிவிட்டது சார், அதனால்தான் இந்த விலை. ஆயுள் முழுவதற்கும் லைசென்ஸ். டாங்கிளைச் செருகினால் போதும், இணையமே தேவையில்லை” என்றார். 22 ஆயிரம் ரூபாய் கொடுத்தேன்.

செருகினால் போதாது. பெட்டியில் வரும் டாங்கிள் காலியானது. உடன் இருக்கும் அட்டையில் அச்சிட்ட குறியீட்டை, டாங்கிளில் லைசென்ஸ் ஏற்றும் இ-லைசென்சர் மென்பொருளில் அடிக்க வேண்டும். அது நிறுவனத்தின் சர்வரோடு பேசி, லைசென்ஸை டாங்கிளுக்குள் எழுதும். அப்படி ஒருமுறை எழுதிவிட்டால்தான் பிறகு இணையம் வேண்டாம். அந்தச் சேவையை, கியூபேஸைத் தயாரிக்கும் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2025 மே 20ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நான் அந்த நீண்ட குறியீட்டை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அடித்தேன். பதில் சொல்ல மறுமுனையில் சர்வர் இல்லை.

இது திடீரென்று நடந்ததும் அல்ல. 2022 ஜனவரியில் தன் இசைக்குறிப்பு மென்பொருளான டோரிகோ 4, மார்ச்சில் கியூபேஸ் 12 என்று அந்த நிறுவனம் டாங்கிளைக் கைவிட்டு, இணையம் வழியாக லைசென்ஸைச் சரிபார்க்கும் ஆன்லைன் ஆக்டிவேஷனுக்கு மாறிவிட்டது. பழைய சேவையை நிறுத்தும் தேதியையும் முன்கூட்டியே அறிவித்திருந்தது. இதே தொழிலில் இருக்கும் கடைக்காரருக்கு இது தெரியாது என்பதை நான் ஏற்கவில்லை. அவர் கொடுத்த பில்லைப் பாருங்கள்: “மியூசிக் சாஃப்ட்வேர் – 1” என்று மட்டும் இருக்கிறது. பதிப்பு எண் இல்லை, பெயர்கூட இல்லை. அதே பில்லில் நான் வாங்கிய கேபிளுக்கு நீளம் வரை எழுதியிருக்கிறார்.

திரும்பக் கொண்டுபோனபோது, “சீல் உடைத்த சாஃப்ட்வேரை நாங்கள் எடுப்பதில்லை சார், கம்பெனியிடம் கேளுங்கள்” என்றார். சீலை உடைக்காமல் உள்ளே இருக்கும் குறியீட்டை எப்படிப் பார்ப்பது? அதற்கு அவரிடம் பதில் இல்லை. குரல் மட்டும் உயர்ந்தது.

டாங்கிளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மே 20க்கு முன்பே லைசென்ஸ் எழுதப்பட்ட டாங்கிள்கள் இன்றும் வேலை செய்கின்றன. நண்பர் ஒருவர் அப்படித்தான் இணையம் இல்லாத மண்டபங்களில் நிம்மதியாகப் பதிவு செய்கிறார். ஆனால் அது பழுதானால் லைசென்ஸை வேறொன்றுக்கு மாற்றித் தர ஆள் இல்லை. ஆன்லைன் ஆக்டிவேஷனும் இதே கயிற்றில்தான் தொங்குகிறது. நிறுவனம் சர்வரை மூடிய பிறகு நீங்கள் கணினியை மாற்றினால், காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் திறக்காது.

ஐலாக் என்ற இன்னொரு வகை டாங்கிளை வாங்குகிறவர்களும் கவனியுங்கள். லைசென்ஸ் விற்பவரின் கணக்கில் இருக்கும்வரை, பழைய ஐலாக்கைக் கையில் வாங்கிவிட்டதால் அது உங்களுடையது ஆகாது. முறையாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு, யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். டாங்கிள் இல்லாமல் இணையம் வழியாக லைசென்ஸ் தரும் ஐலாக் கிளவுட் வேலை நேரம் முழுக்க இணையம் கேட்கும், என்னைப் போன்றவர்களுக்கு உதவாது.

பெட்டியில் எதை வாங்கினாலும், கடையிலேயே உங்கள் மடிக்கணினியில் ஆக்டிவேட் செய்து காட்டச் சொல்லுங்கள். பில்லில் பதிப்பு எண்ணை எழுதி வாங்குங்கள். ஸ்டைன்பெர்க்கின் இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளான நியூவெண்டோவில் 11 வரையிலும், டோரிகோவில் 3.5 வரையிலும் இதே கதைதான்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்து, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டு அவகாசம் உண்டு. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. மே 20க்குப் பிறகு இப்படிப் பெட்டி வாங்கி ஏமாந்தவர்கள் பில்லையும் அட்டையையும் தூக்கி எறியாமல் வைத்திருந்து, நீங்களும் புகார் கொடுங்கள்.