செஸ்ட் வேடர்ஸ்: குறைந்த விலையில் எது நீடித்து உழைக்கும்?

நீரில் இறங்கி நிற்க அணியும், நெஞ்சு வரை மூடும் நீர்புகாக் கால்சட்டைதான் செஸ்ட் வேடர்ஸ். நான் முதலில் வாங்கியது இரண்டாவது பருவத்திலேயே ஒழுக ஆரம்பித்தது. துணியில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு கால்களும் சேரும் கவட்டில், தையலை மூடி ஒட்டியிருந்த நாடா பிரிந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த வேடர்ஸைக் கையில் எடுத்தாலும் உள்பக்கத்தை வெளியே புரட்டி, முதலில் கவட்டைத்தான் பார்க்கிறேன். கடைக்காரர்கள் துணியின் பெருமையைச் சொல்வார்கள். ஆனால் வேடர்ஸின் ஆயுள் பெரும்பாலும் தையலிலும், ஓட்டை விழுந்தால் நாமே அடைக்க முடியுமா என்பதிலும்தான் இருக்கிறது. கீழே உள்ள ஒவ்வொரு வகையையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

மிக மலிவானது முழு பிவிசி. இதன் இணைப்புகளை ஊசியால் தைக்காமல் சூட்டில் உருக்கி ஒட்டுவார்கள். ஊசித் துளையே இல்லாததால் புதிதில் ஒரு சொட்டுகூட உள்ளே வராது. சிக்கல் பிறகு வருகிறது. பிவிசியை வளையவைப்பது அதில் கலந்திருக்கும் மென்மையூட்டி. நாளாக ஆக அது வெளியேறிவிடும், பொருள் விறைத்துப்போகும். மடித்து வைத்த இடத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் வெடிப்பு விடும். குளிர்ந்த நீரில் இந்த விறைப்பு இன்னும் மோசம். ஒரு வெடிப்பை ஒட்டினால் பக்கத்திலேயே அடுத்தது கிளம்பும், ஏனென்றால் பழுதாகியிருப்பது அந்த ஒரு இடம் மட்டுமல்ல, மொத்தப் பொருளும்தான்.

இதற்கு ஒரு படி மேலே, வெளியே நைலான் துணியும் உள்ளே பிவிசி பூச்சும் கொண்ட வகை. நைலான் இழுவையைத் தாங்கிக்கொள்வதால் முள்ளுக்கும் கல் உரசலுக்கும் ஈடுகொடுக்கும், எடையும் குறைவு. ஆண்டுக்குச் சில தடவை மட்டும் நீரில் இறங்குபவருக்கு இது போதும், அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை என்றே சொல்வேன். வியர்வை மட்டும் வெளியேறாது. அரை மணி நேரம் நடந்தாலே உள்ளே நனைந்துவிடும். ஒழுகுகிறது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப்படும் வேடர்ஸ் சிலவற்றில் உண்மையில் இருப்பது வியர்வைதான்.

நியோப்ரீன் 1930-இல் டூபாண்ட் ஆய்வகத்தில் உருவான செயற்கை ரப்பர். வேடர்ஸுக்குப் பயன்படுவது அதன் நுரை வடிவம். மூடிய சிறு குமிழ்களில் வாயு அடைபட்டிருப்பதால் சூடு தங்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே குளிர்நீரில் அசையாமல் மணிக்கணக்கில் நிற்பவருக்கு 3.5 மில்லிமீட்டர் அல்லது 5 மில்லிமீட்டர் நியோப்ரீனுக்கு ஈடு இல்லை. நன்றாக இழுபடுவதால் தையலுக்கு வரும் இழுவையும் குறைவு. கீறல் விழுந்தால் அதற்கென்றே உள்ள பசையைத் தடவி ஒட்டலாம், எளிய வேலை. ஆனால் கரையோரமாக நீண்ட தூரம் நடப்பவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம். வெந்துபோவீர்கள். உள்துணி காயவும் நெடுநேரம் ஆகும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை நிச்சயம்.

இனி, வியர்வை ஆவியை வெளியே விடும் காற்றோட்டமுள்ள வகை. 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நுண்துளைப் படலமாக்கும் வழியைக் கண்டுபிடித்தார், அதிலிருந்து பிறந்ததுதான் கோர்-டெக்ஸ். அந்தத் துளை நீர்த்துளிக்கு மிகச் சிறியது, நீராவிக்குப் போதுமான அளவு பெரியது. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இந்தப் படலத்துக்குப் பதில் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். ஆவியை அதுவும் கடத்தும், கொஞ்சம் மெதுவாக. பல ஆண்டுகளில் அந்தப் பூச்சு உரிந்து வரக்கூடும். வாங்கும்போது துணி அடுக்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். மேல்பாகம் மூன்று அடுக்காக இருந்தாலும் பரவாயில்லை, தொடை முதல் கணுக்கால் வரை நான்கோ ஐந்தோ இருப்பது நல்லது. பாறையில் மண்டியிடுவதும் முள்ளில் உரசுவதும் அங்கேதான். இந்த வகைக்குத் தனக்கென்று சூடு கிடையாது. குளிரில் உள்ளே கம்பளியோ ஃப்ளீஸோ அணிய வேண்டும். பருத்தி வேண்டாம், அது வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும்.

பூட்ஸ் சேர்ந்தே வரும் பூட்ஃபுட்டா, நியோப்ரீன் சாக்ஸோடு முடியும் ஸ்டாக்கிங்ஃபுட்டா? போட்டுக் கழற்ற பூட்ஃபுட் சுலபம், மொத்தச் செலவும் குறைவு. ஆனால் பூட்ஸ் தேய்ந்தால் மொத்தமும் போச்சு. ஸ்டாக்கிங்ஃபுட்டில் பூட்ஸ் தனி. வேடர்ஸ் கிழிந்தாலும் அது மிஞ்சும், கணுக்காலை இறுக்கிப் பிடிப்பதால் கல்லில் நடக்கும்போது கால் பிரளாது. நாலைந்து ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இதுவே லாபம் என்பது என் எண்ணம். சாக்ஸுக்கு எதிரி, பூட்ஸுக்குள் புகும் மணல். நடக்க நடக்க அது உப்புத்தாள் போல் தேய்த்துக்கொண்டே இருக்கும். கணுக்காலை மூடும் மணல்தடுப்பு மடிப்பைத் தவறாமல் பூட்ஸின் மேல் மாட்டுங்கள். சாக்ஸுக்கு இடம் வேண்டும், ஆகவே பூட்ஸை வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

பூட்ஸின் அடிப்பாகத்தில் ஒட்டும் ஃபெல்ட், அதாவது இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளி போன்ற துணி, பாசி படிந்த கல்லில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது ஈரத்தை நாள்கணக்கில் வைத்துக்கொள்வதால் ஓர் ஆற்றின் பாசியும் நுண்ணுயிரும் அதிலேறி அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். டிடிமோ என்ற பாசி பரவியதால் நியூசிலாந்து 2008-இல் ஃபெல்ட்டைத் தடைசெய்தது. வேறு சில இடங்களிலும் தடை உண்டு. ஆணி பதித்த ரப்பர் அடியே இதற்கு நல்ல மாற்று. கழுவவும் எளிது, தேய்வதும் மெதுவாகத்தான்.

எந்த வகையானாலும் அளவு தவறினால் பணம் வீண். போட்டுக்கொண்டு முழுக்கக் குந்தி உட்காருங்கள், பிறகு ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். கவட்டில் இறுக்கம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், நீங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு கரையிலும் அந்தத் தையல் இழுபடப் போகிறது. மிகவும் தொளதொளவென்று இருந்தாலும் ஆபத்துதான், நடக்கையில் உள்தொடைத் துணி ஒன்றோடொன்று உரசித் தேயும். கவட்டில் நாலு பக்கத் தையலும் ஒரே புள்ளியில் சந்திக்கிறதா என்று பாருங்கள், சந்தித்தால் இழுவை முழுதும் அங்கேதான் விழும். அங்கே தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தாலோ, காலின் தையல் உள்தொடையை விட்டு முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிப் போயிருந்தாலோ, செய்தவர் யோசித்துச் செய்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

ஓட்டை கண்டுபிடிக்க, பிவிசிக்கும் நைலானுக்கும் இருட்டறையும் டார்ச்சும் போதும். உள்ளே வெளிச்சம் அடித்தால் ஓட்டை நட்சத்திரம் போல் தெரியும். காற்றோட்டமுள்ள வகையில் உள்பக்கத்தைப் புரட்டி ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தெளியுங்கள், ஊசிமுனை ஓட்டைகூடக் கரும்புள்ளியாக எழும். எல்லாப் பூச்சுகளிலும் இது தெளிவாகத் தெரியாது, கோர்-டெக்ஸில் நன்றாகத் தெரியும். அதன் மேல் பாலியூரித்தேன் பசையை ஒரு சொட்டு தடவி ஓர் இரவு காயவிட்டால் முடிந்தது. இவ்வளவு சுலபமாகப் பழுதுபார்க்க முடிவதால்தான், அடிக்கடி போய் நிறைய நடப்பவருக்கு, கால்பகுதி தடித்த, விலை குறைந்த காற்றோட்டமுள்ள ஸ்டாக்கிங்ஃபுட்டையே சொல்கிறேன். அரிதாகப் போகிறவருக்கு நைலான்-பிவிசி பூட்ஃபுட். உறையும் நீரில் அசையாமல் நிற்பவருக்கு மட்டும் நியோப்ரீன். முழு பிவிசியை யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை.

எதை வாங்கினாலும் இடுப்புப் பெல்ட்டைக் கட்டாமல் நீரில் இறங்காதீர்கள். உள்ளே புகுந்த தண்ணீர் ஆளை அடியில் இழுத்துவிடும் என்பார்கள். அது சரியில்லை, நீருக்குள் இருக்கும்வரை அந்தத் தண்ணீருக்குத் தனி எடை இல்லை. ஆனால் நிரம்பிய கால்களை ஓட்டம் பிடித்துத் தள்ளும், கரையேறும்போது அத்தனை பாரமும் உங்கள் மேல் விழும், எழவே முடியாது. பெல்ட் இறுக்கமாக இருந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் புகும், கரை சேர அவகாசம் கிடைக்கும். சில மலிவு வேடர்ஸோடு வரும் பெல்ட்டின் கொக்கி லேசாக இழுத்தாலே கழன்றுவிடுகிறது. அப்படியானால் அதை மட்டும் அன்றே மாற்றிவிடுங்கள்.