கிரியேட்டினின் குறையும், பொட்டாசியம் ஏறும்: சிறுநீரக டயட் பேக்கேஜ் எச்சரிக்கை

"டயாலிசிஸ் வேண்டாம், 90 நாளில் கிரியேட்டினினைக் குறைத்துக் காட்டுகிறோம்" என்ற விளம்பரத்தை நம்பி 18,000 ரூபாய் கட்டிய ஒரு சிறுநீரக நோயாளியின் டயட் சார்ட்டும் லேப் ரிப்போர்ட்டும்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். கம்பெனி பெயர் வேண்டாம். வேறு பெயரில் இதே சார்ட் நாளைக்கு உங்களுக்கும் வரலாம்.

காலையில் வாழைத்தண்டும் கொத்தமல்லியும் அடித்த சாறு, பதினோரு மணிக்கு இளநீர், மதியம் சிறுதானியச் சோறும் கீரையும், மாலையில் தக்காளி சூப். முட்டை, மீன், கறி, பால், பருப்பு எதுவும் கூடாது. சாதா உப்புக்குப் பதிலாக அவர்களே கூரியரில் அனுப்பும் 'லோ சோடியம்' உப்பு.

ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறினால் சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று பொதுவாக அர்த்தம். ஆறு வாரத்தில் அது 3.8-லிருந்து 3.3 ஆனது. கம்பெனியின் 'கோச்' கைதட்டும் ஸ்டிக்கர் அனுப்பினார். அதே தாளில் நாலு வரி கீழே பொட்டாசியம் 6.4, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'ஹை'. அதை அவர் பார்க்கவே இல்லை. எடை 61 கிலோவிலிருந்து 55.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சமைத்த கறியும் கொஞ்சம் சேர்க்கும். கறியை நிறுத்தி, புரதத்தை வெட்டி, தசை கரைந்தால் அந்த எண் தானாக இறங்கும். சிறுநீரகம் தேறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர், இதே எண்ணை வைத்துப் போடும் கணக்கு என்பதால் அதுவும் அழகாக உயர்ந்து நிற்கும். இந்த வியாபாரத்தின் மூலதனமே இதுதான். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு இரண்டையும் எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

பொட்டாசியம்தான் உயிர் விஷயம். இயல்பு அளவு சுமார் 3.5 முதல் 5 வரை. 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. ஒரு காய் குடித்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'லோ சோடியம்' உப்பில் குறைத்த சோடியத்தின் இடத்தில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிபி மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும். மூன்றும் சேர்ந்தால் வலி, வீக்கம் என்று எந்த அறிகுறியும் இல்லாமலே இதயத் துடிப்பு தடம் புரளும். 6-ஐத் தாண்டிய ரிப்போர்ட் கையில் இருந்தால் கோச்சுக்கு மெசேஜ் போடாதீர்கள். அன்றே இசிஜி வசதியுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காய்கறியைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். வெறுமனே ஊறவைத்தால் அவ்வளவு பலன் இல்லை. குக்கரில் வைத்து அதே தண்ணீரில் குழம்பு வைத்தால் வேகவைத்ததே வீண். சாறாக அடித்தாலோ முழுசும் வயிற்றுக்குள்தான். (ஸ்டார் ஃப்ரூட் மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விடாத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை கொண்டுபோகும்.)

புரதமும் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. டயாலிசிஸுக்கு முன் கிலோ எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 36 கிராமும் 72 கிராமும் ஒன்றா? இரு தரப்புக்கும் ஒரே பிடிஎஃப்தான் போயிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சார்ட்டைச் சரியாக ஃபாலோ பண்ணலை" என்று பதில். பில்லின் அடியில் பொடி எழுத்தில் "இது மருத்துவச் சிகிச்சை அல்ல, வெல்னஸ் ஆலோசனை மட்டுமே". உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளே தடுக்கின்றன, ஆகவே உப்புப் பாக்கெட்டும் விளம்பரமும் முக்கியமான ஆதாரங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், சார்ட், சாட் எல்லாவற்றையும் பணம் கேட்பதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இவருக்கு, கேட்ட மறுநாளே நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.