பெருங்குடல் புண் அழற்சி: மாத்திரையா, குளிகையா, ஊசியா?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மலத்தோடு ரத்தம் போனால் "மூலச்சூடு, மோர் குடி" என்பதே முதல் வைத்தியம். சளியும் ரத்தமுமாக வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு நீடிக்குமானால், அது பெருங்குடல் புண் அழற்சியாக இருக்கக்கூடும். குழாய்க் கேமரா விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேலேறும் இந்த அழற்சி எதுவரை ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தே மருந்து அமையும்.

மலக்குடலோடு நின்றுவிட்ட நோய்க்கு, மாத்திரையைவிட, படுக்கும்போது ஆசனவாயில் வைக்கும் 1 கிராம் மெசலசின் (அழற்சி தணிக்கும் மருந்து) குளிகையே மேல். மருந்து புண்ணின் மீதே கரைகிறது. கூட்டமான லயத்து வீட்டில், கழிப்பறையும் வெளியே இருந்தால், இதை வைத்துக்கொள்ளக் கூசுவது இயல்புதான். உறையைப் பிரித்து, கைச்சூட்டில் இளகுமுன் தண்ணீரில் நனைத்து, ஒருக்களித்துப் படுத்து வைத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அழற்சி மேலே ஏறியிருந்தால் மாத்திரையும் ஆசனவாய் மருந்தும் சேர்ந்தே வேண்டும்.

மாத்திரையிலும் இரண்டு உண்டு. மூட்டுவாதத்திற்கென ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் உருவாக்கிய சல்பசலசின் பழையது, மலிவானது. குடல் கிருமிகள் அதை இரண்டாக உடைக்கின்றன. அதில் மெசலசின் என்ற பாதிதான் புண்ணை ஆற்றுகிறது என்பது 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் தெரியவந்தது. தலைவலி, குமட்டல் போன்ற தொல்லைகளில் பெரும்பகுதி மற்றப் பாதியான சல்பாவினால் வருபவை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஆண்களுக்கு விந்தணு தற்காலிகமாகக் குறையும், ஜி-6-பி-டி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். இந்தக் குறைபாட்டை நம் நாட்டில் பிறந்தவுடனேயே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துவிடுவதால், பழைய மருத்துவ அட்டையைத் தேடி எடுத்துச் செல்வது நல்லது. மூட்டுவலியும் சேர்ந்திருந்தால் சல்பசலசினுக்கே என் வாக்கு. மற்றபடி, சிறுநீரகத்தை அவ்வப்போது சோதித்துக்கொண்டு மெசலசின்.

இவற்றுக்கு அடங்காத நோயைப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சில நாட்களிலேயே அடக்கும். ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. மிஞ்சிய மாத்திரையை வைத்திருந்து அடுத்த முறை தாமாகவே விழுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அமீபாவால் வந்த ரத்தபேதியில் அப்படிச் செய்தால் நிலைமை மோசமாகும். நீண்ட நாள் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென நிறுத்துவதும் கூடாது. அதற்கு மாற்றான, நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசதியோபிரின் மாத்திரை பலன் தர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணவும் வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி மருந்து வேகமானது, ஆனால் விலை அதிகம். உடலில் உறங்கும் காசநோய் இல்லை என்று பார்த்த பிறகே போடுவார்கள். தொடக்கத் தவணைகள் முடிந்ததும் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சொட்டு ஏற்ற வேண்டும் என்பதால், தோட்ட வேலைக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

எதற்கும் அடங்காதபோது பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடல் நுனியாலேயே உள்ளே ஒரு பை அமைக்கலாம். அதன்பின் நாளுக்கு ஐந்தாறு முறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் செம்பனைக் குலையை அறுத்துக்கொண்டிருக்கும்போது அரிவாளைப் போட்டுவிட்டு ஓட வைக்கும் அந்த அவசரம் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும்.