சோர் பஜாரில் காட்டியது யாங்கி, கட்டிக் கொடுத்தது டூப்ளிகேட்

மும்பை சோர் பஜாரில் பழைய திருப்புளிகளைத் தேடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள். மட்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் கண்ணெதிரே சாமானை மாற்றிவிட்டார்.

அவர் காட்டியது அசல் யாங்கி, பழைய அமெரிக்கத் திருப்புளி. பேன்ட் பையில் அடங்குகிற சின்ன சைஸ், பிடியை அமுக்கினால் முனை தானாகச் சுழலும் வகை. பொத்தானை ஒரு பக்கம் தள்ளினால் திருகு இறங்கும், மறுபக்கம் தள்ளினால் கழலும், நடுவில் வைத்தால் ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் பல்சக்கரம்) பூட்டிக்கொள்ளும். 'நார்த் பிரதர்ஸ், ஃபிலடெல்பியா' என்ற எழுத்து தேய்ந்துபோய், நகத்தால் தடவினால்தான் பிடிபட்டது. மரத்துண்டில் திருகு ஏற்றி இறக்கிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. 4,000 ரூபாய் சொன்னார், 3,200க்குப் படிந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, "ஒரு நிமிஷம் சாப், எண்ணெய் போட்டுத் தருகிறேன்" என்று உள்ளே போனவர், செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்.

செம்பூர் வந்து பிரித்தால், எழுத்து பளிச்சென்று இருக்கிறது. துருக் குழிகளின் மேலேயே புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். குழி கருப்பு, எழுத்துக்குள் வெள்ளை இரும்பு. யாங்கி பிட்டின் (மாட்டிக் கழற்றும் முனையின்) அடி உருண்டையாக, நுனியில் ஒரு வெட்டோடு இருக்கும். இதில் இருந்ததோ அறுகோண அடி, காந்தம் வேறு. கழற்றும் பக்கம் தள்ளி லேசாக அழுத்தினாலே ராட்செட் நழுவுகிறது. துண்டுச் சீட்டில் '1920 மாடல்' என்று எழுதிய மகராசன், கூடவே ஒரு ஸ்டார் பிட்டையும் வைத்திருக்கிறார். ஹென்றி பிலிப்ஸின் ஸ்டார் திருகு கார் தொழிற்சாலைக்குள் நுழைந்ததே 1930களின் நடுவில்தான்!

திரும்பப் போய்க் கேட்டால், நான் பார்த்தது இதைத்தான் என்று சாதிக்கிறார். கடையில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறதாம். பணம் திரும்பாது, வேண்டுமானால் வேறு ஏதாவது எடுத்துக்கொள் என்றார். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, சரி. சீட்டில் கடைப் பெயரே இல்லையே, யார் மேல் புகார் எழுதுவது? அச்சடித்த பில் கேளுங்கள், தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள். சோதித்துப் பார்த்த சாமானைக் கையை விட்டுக் கொடுக்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டு பணத்தை எண்ணுங்கள்.

அப்புறம் மாதுங்கா நண்பன் ஒருவன் அந்தப் பக்கம் போயிருக்கிறான். என் போட்டோவில் இருக்கும் அதே யாங்கி கண்ணாடிப் பெட்டியில் இருந்ததாம், விலை 4,500. அவனுக்கும் எண்ணெய் போட்டுத் தருவதாகத்தான் சொன்னாராம்.