தெரப்பி அறைக்குள் அம்மாவுக்கு இடமுண்டா? ஓட்டிசப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நான்கு வழிகள்

மகனுக்கு இப்போது நாலரை வயது. இரண்டே கால் வயதில் கிளினிக்கில் நிறை பார்க்கக் கொண்டுபோனபோது, குடும்பநல உத்தியோகத்தர்தான் முதலில் கேட்டார்: "பிள்ளை விரலால சுட்டிக் காட்டுறவரோ?" காட்டுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கூசாவின் மேல் வைப்பான். அதை அவனுடைய கெட்டித்தனம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததையும் ஆம்பிளைப் பிள்ளையின் பிடிவாதம் என்று விட்டிருந்தோம்.

இது ஓட்டிசமாக, அதாவது பிள்ளை கதைப்பதும் மற்றவரோடு பழகுவதும் வேறுவிதமாக வளரும் நிலையாக, இருக்கலாம் என்று அறிந்த பிறகு, மதிப்பீட்டுக்கும் சிகிச்சைக்கும் நாங்கள் நான்கு வழிகளைப் பார்த்தோம். அரச வைத்தியசாலை, நகரத்தில் ஒரு தனியார் நிலையம், கொழும்பு, சென்னை. முதல் இரண்டிலும் பல மாத அனுபவம் உண்டு. கொழும்புக்கு மூன்று தடவை, சென்னைக்கு ஒரேயொரு தடவை போனோம். ஆகவே கடைசி இரண்டைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நாங்கள் நிலைத்திருப்பது அரச வைத்தியசாலையில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எல்லா வழிக்கும் பொதுவான ஒன்று. ஓட்டிசத்தை எந்த இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் சொல்லாது. வைத்தியர் பிள்ளையைக் கவனித்து, பெற்றோரிடம் விவரம் கேட்டுத்தான் முடிவு செய்வார். 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. அது முடிவு சொல்லாது, மேலே பார்க்க வேண்டுமா என்று மட்டும் காட்டும். கேட்கும் திறனைச் சோதிப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கூப்பிட்டுத் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும். தடுப்பூசியால் வந்தது, ரீவியால் வந்தது, நீ வேலைக்குப் போனதால் வந்தது என்று சொல்ல ஊரில் ஆட்கள் இருப்பார்கள். தடுப்பூசியால் ஓட்டிசம் வருவதில்லை. அம்மா வேலைக்குப் போவதாலும் வருவதில்லை. அந்தக் கதைகளில் நான் ஆறு மாதம் அழுது தொலைத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பணத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அரச வைத்தியசாலையில் இலவசம். தனியாரில் அமர்வுக்கு அமர்வு காசு. கொழும்பென்றால் இரவு பஸ், தங்குமிடம், இரண்டு நாள் லீவு. சென்னைக்குப் பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது, ஆனால் மாதாமாதம் போய்வர எங்களால் முடியாது.

முடிவைத் தீர்மானித்தது பணமல்ல, கதவு. தெரப்பி நடக்கும் அறையின் கதவுக்கு எந்தப் பக்கத்தில் அம்மா இருக்கிறாள் என்பது.

தனியார் நிலையம் அழகாக இருந்தது. ஊஞ்சல், நிறப் பந்துகள், மெத்தைத் தரை. காத்திருக்கத் தேவையில்லை, சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவார்கள். வாரம் இரண்டு நாள், 45 நிமிடம். பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார்கள். நான் வெளியே கதிரையில். முடிந்ததும், "இண்டைக்கு நல்லா ஒத்துழைச்சவர்" என்று ஒரு வசனம். ஐந்து மாதம் போனோம். அந்த அறையில் அவன் "பந்து" என்று சொல்வதாகச் சொன்னார்கள், வீடியோவும் காட்டினார்கள். வீட்டில் அதே மாதிரிப் பந்தை வாங்கி வைத்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. ஓட்டிசப் பிள்ளைகளுக்கு இது வழக்கமான ஒன்று என்று பிறகுதான் அறிந்தேன். ஓரிடத்தில் ஒருவரோடு பழகியதை இன்னோரிடத்துக்கு எடுத்துவருவது அவர்களுக்குத் தானாக நடப்பதில்லை, அதையும் தனியே பழக்க வேண்டும். அங்கே அவனைப் பழக்கிய ஆசிரியை கெட்டிக்காரி, பிள்ளையில் அன்பானவரும்கூட. அந்த நிலையத்தின் முறைதான் எனக்குச் சரிவரவில்லை.

அரச வைத்தியசாலையில் நிலைமை நேர்மாறு. மாதத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும். காலையில் துண்டெடுத்து வாங்கிலில் இருக்க வேண்டும். பிள்ளை அழுவான், தரையில் உருளுவான், பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். முதல் நாள் நான் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். எங்கள் முறை வந்ததும் பேச்சுச் சிகிச்சையாளர் சொன்னது, "அக்கா, நீங்களும் உள்ளுக்கு வாங்கோ." உள்ளே போனால், என்னைத்தான் பாயில் பிள்ளைக்கு முன்னால் இருத்தினார். "வீட்டில விளையாடுற மாதிரி விளையாடுங்கோ, நான் பாக்கிறன்."

நான் விளையாடினேன். இது என்ன, இது என்ன, இது என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். கேள்வி கேட்பதை விடுங்கள், அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பெயரை ஒரு சொல்லில் சொல்லுங்கள், முகத்துக்கு நேரே வருமாறு குனிந்து இருங்கள் என்றார். அப்புறம் பிஸ்கட் போத்தலைக் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னார். அவன் என் கையை இழுத்தால் உடனே எடுத்துக் கொடுக்கக் கூடாது. மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். அவனுடைய உள்ளங்கையை விரித்துப் பிடித்து "தாங்கோ" என்று நான் சொல்லி, அதன் பிறகு கொடுக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க வீட்டுப் பாடம் அவ்வளவுதான்.

என் மாமியார் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "எல்லாத்தையும் நாங்களே முன்கூட்டிக் குடுத்துப்போட்டு, பிள்ளை கேக்கேல்லை எண்டு அழுதிருக்கிறம்." அன்றிலிருந்து அப்பம்மாவும் கையை விரித்துத் "தாங்கோ" சொன்னார். என் கணவரும் வேலையால் வந்து அதையே செய்தார். பதினொரு நாளில் கை விரிந்தது. இரண்டரை மாதத்தில் "தா" வந்தது. அது புட்டுக்காக, எங்கள் குசினியில், அப்பம்மாவிடம் வந்தது.

ஒரு கணக்குப் பாருங்கள். வாரத்தில் 168 மணி நேரம். தனியாரில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி. மிச்சம் முழுக்க அவன் எங்களோடுதான் இருக்கிறான். ஒன்றரை மணியை மூன்றாக்குவதற்குக் காசு தேடுவதைவிட, மிச்ச நேரத்தில் விழித்திருக்கும் பொழுதுகளில் நாங்கள் என்ன செய்வது என்று சொல்லித்தருகிறவர்தான் எங்களுக்குத் தேவைப்பட்டார். உலக சுகாதார நிறுவனம் இரண்டு முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளின் பராமரிப்பாளருக்கென்று வகுத்த பயிற்சியும் இதே வழியில்தான் போகிறது. 9 குழு அமர்வு, 3 வீட்டுச் சந்திப்பு. அதில் பயிற்சி பெறுவது தாய் தகப்பன், அவர்கள் வழியாகத்தான் பிள்ளைக்கு.

கொழும்பை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஒரு வைத்தியர் ஒரு மணி நேரத்தில் பிள்ளையைப் படித்த விதம் எனக்கு ஆச்சரியம். மதிப்பீட்டுக்குப் போவது நல்லது. தொடர் சிகிச்சைக்குத்தான் மொழி இடிக்கிறது. பேச்சு, கேட்டல் துறைக்கான பட்டப்படிப்பு றாகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருக்கிறது. படித்து வருகிறவர்களில் தமிழ் பேசுவோர் கொஞ்சப் பேர்தான். எங்களுக்குக் கிடைத்தவர் சிங்களத்தில் சொல்ல, ஒரு தாதி தமிழாக்க, நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அறிக்கையைப் பார்த்தால் ஆங்கிலம். மூன்றாவது தடவையோடு நிறுத்திக்கொண்டோம்.

சென்னையில் தமிழ் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அங்கே பிள்ளையிடம் "பேசு, பேசு" என்கிறார்கள். எங்கள் வீட்டில் "கதை" என்போம். பேசுவது என்றால் ஏசுவது. சொல்லே வராத பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. வீட்டில் காலை முதல் இரவு வரை காதில் விழும் சொல்தான் அவனுக்கு முதல் சொல்லாக வரும். இப்போது அவனுக்குச் சொல் பழக்க நாங்கள் வைத்திருக்கும் படங்கள் எல்லாம் நாங்களே போனில் எடுத்தவை. எங்கள் கிணறு, எங்கள் புட்டுக்குழல், ஓட்டோ அண்ணையின் சிவப்பு ஓட்டோ.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலையின் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் பிள்ளையும் தங்கியிருந்து பழகும் ஏற்பாடு இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டிலும் பல்வகை இயலாமைகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. நீண்ட லீவு எடுக்க முடிந்திருந்தால் வேலூரை நான் முதலில் யோசித்திருப்பேன், காரணம் அங்கேயும் அம்மா கதவுக்கு உள்ளேதான். ஸ்டெம் செல் ஊசியால் ஓட்டிசம் மாறும் என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள். ஓட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமே 2022 இல் சொல்லிவிட்டது.

அரச வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. மாதம் ஒரு தடவை என்பது போதாது. சிகிச்சையாளருக்கு இடமாற்றம் வரும். எங்களுக்கு ஒரு முறை வந்தது, புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு நான் கண்ட வழி ஒரு சி.ஆர். கொப்பி. ஒவ்வொரு நாளும் இரண்டு வரி: என்ன கேட்டான், எப்படிக் கேட்டான், எதற்குக் காதைப் பொத்தினான். வாரத்தில் ஒரு நாள் இரண்டு நிமிட வீடியோ. கிளினிக்கில் கிடைக்கும் அரை மணியில் கதை சொல்லி நேரம் போகாமல், கொப்பியைக் கொடுத்து அடுத்த வேலைக்குப் போய்விடலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு அவனைக் கொண்டுபோவது பற்றியும் அந்தக் கொப்பியை வைத்துத்தான் கதைத்தோம். ஒலிபெருக்கியும் தவிலும் அவனுக்குத் தாங்காது என்று அதில் இருந்தது. திருவிழாவின் 25 நாளில் கூட்டம் குறைந்த ஒரு காலையில், பூசைக்கு முன்னால், வெளிவீதி மணலில் பத்து நிமிடம் விடச் சொன்னார் சிகிச்சையாளர். ஊரைத் தெரிந்தவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

தனியாரைத் தெரிவு செய்தாலும் தவறில்லை, எல்லா நிலையமும் ஒரே மாதிரியல்ல. போனில் கட்டணம் கேட்பதற்கு முன், "நான் உள்ளே இருக்கலாமா? வீட்டில் செய்ய எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். எங்கள் கிளினிக்கில் சந்தித்த ஓர் அம்மா அப்படிக் கேட்டுக் கண்டுபிடித்த ஆசிரியையிடம் பதினைந்து நாளுக்கொருமுறை போகிறார், மாதக் கிளினிக்கையும் விடவில்லை. எனக்கு அது நல்ல சேர்மானமாகத் தெரிகிறது.

பாடசாலை பற்றி எனக்கு இன்னும் அனுபவம் மெல்லியது. நான்கு மாதமாக எங்கள் ஊர் முன்பள்ளிக்கு அரைநாள் போகிறான், அங்கே ரீச்சரும் கையை விரித்துத் "தாங்கோ" சொல்கிறார். கோண்டாவிலில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிவபூமி பாடசாலை இருக்கிறது, சில அரச பாடசாலைகளில் விசேட கல்வி அலகும் இருக்கிறது, சாதாரண வகுப்பில் சேர்க்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் போய், ஒரு நாள் வகுப்பின் பின்வாங்கிலில் இருக்க விடுவார்களா என்று கேட்கப்போகிறேன்.