இன்டக்சனா, அனகி அடுப்பா? 61ஆவது அலகில் இருக்கிறது விடை

2022 மார்ச் முடிவில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்போதும் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது என்றால் எங்கட சனம் முதலில் கை வைத்தது மின்குமிழில்தான். 9 வாட் எல்இடி குமிழ் தினமும் ஐந்து மணித்தியாலம் எரிந்தாலும் மாதம் ஒன்றரை அலகு (யூனிற்) வராது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் குசினி. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது, அதற்கும் வரிசை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. மிஞ்சியது மின்சாரமும் விறகும்.

இன்டக்சன், அதாவது காந்தப்புலத்தால் பானையையே சூடாக்கும் மின்னடுப்பு, கெதியாகச் சமைக்கும், புகை இல்லை. காந்தம் ஒட்டாத அலுமினியப் பானையும் மண்சட்டியும் அதில் சூடேறா. 2,000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். மெல்லிய வயர் எக்ஸ்ரென்சனில் போட்டால் பிளக் பின் சூடேறி சொக்கெற் உருகும். கரண்ட் நின்றால் உலையும் நின்றுவிடும்.

ஆனால் தீர்மானிப்பது இவை அல்ல, மின்பட்டியல். ஒரு 12.5 கிலோ சிலிண்டரின் வேலையை இன்டக்சனில் செய்ய ஏறக்குறைய 100 அலகு வேண்டும். சிலிண்டர் ஒன்றரை மாதம் போகும் வீட்டுக்கு மாதம் 65 அலகு கூடும். 55 அலகு பாவித்த வீடு 120இல் போய் நிற்கும். 60ஐத் தாண்டினால் மேலதிக அலகுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் 30 அலகுக்கான மலிவு விலையும் போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் கூடியபோது, 'இன்டக்சன் மலிவு' என்று மாறிய பல வீடுகள் இதில்தான் அடிபட்டன.

அதனால் முற்றமும் பின்வளவும் உள்ள வீட்டுக்கு என் தெரிவு அனகி என்ற களிமண் விறகடுப்பு. ஒரு வாய், இரண்டு குழி: முன்குழியில் சோறு கொதிக்க, அதே நெருப்பு உள்வழியால் போய்ப் பின்குழியில் பருப்பை அவிக்கும். வெறும் மண் அடுப்பாக வைத்தால் வெடிக்கும். களிமண்ணோடு உமியும் சாணமும் குழைத்துச் சுற்றிவரப் பூசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, முதல் நாள் சிறு நெருப்பு மட்டும் மூட்ட வேண்டும். பானை குழியில் சரியாகக் குந்தாவிட்டால் சுவாலை பக்கத்தால் வெளியேறும்.

பெரும்பாலோர் விடும் பிழை, வாய் நிறைய விறகைத் திணிப்பது. காற்றுப் போக இடமில்லாமல் புகைதான் வரும். இரண்டு விரல் தடிப்பில் பிளந்த காய்ந்த விறகு மூன்று நான்கு போதும். பனை, தென்னையில் கழியும் கொக்காரையும் பன்னாடையும் மூட்டுவதற்கு, சிரட்டையும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) நின்று எரிவதற்கு. பச்சை விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் ஈரத்தைக் காயவைக்கவே போய்விடும். மாரிக்கு முன்பே கூரைக்குக் கீழ் அடுக்கிவிடுங்கோ.

கொழும்பு மாடிவீட்டுக்கு இது சரிவராது. முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரர் இருக்கும் வீட்டிலும், வெளியில் இறக்கிய குசினி இல்லாவிட்டால் வேண்டாம்.

இன்டக்சன் ஏற்கனவே இருந்தால் எறிய வேண்டாம். சோறு, கடலை, பயறு விறகில். தேத்தண்ணி, முட்டை, பால் கரண்டில். கடலையை இரவே ஊறவையுங்கோ. மீட்டர் வாசித்ததிலிருந்து 20ஆம் நாள் பாருங்கோ. 40 அலகைத் தாண்டியிருந்தால் மிச்சப் பத்து நாளும் தேத்தண்ணியும் விறகில்தான்.