ரூட்டர் வேலைக்கு ஆன்லைனில் ஆள் தேடுபவர்கள் கவனத்துக்கு: என் இரண்டு மாத வருமானம் போச்சு

நேற்று ராத்திரிதான் கடைசி பதில் வந்தது. பணம் திரும்ப வராதாம். இரண்டு மாத வருமானம், மொத்தமாகப் போச்சு. ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தரும் தளம் ஒன்று, பெயர் வேண்டாம்.

நான் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தில் தலைமை அலுவலகம் ஓஎஸ்பிஎஃப், புதிதாக வாங்கிய கிளை ஈஐஜிஆர்பி; இரண்டும் ரூட்டர்கள் தங்களுக்குள் ரூட்டை, அதாவது வழியைச் சொல்லிக்கொள்ளும் முறைகள். நடுவில் இரண்டு ரூட்டர்கள், இரண்டிலும் இரு பக்கமும் ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒரு முறையில் கிடைத்த ரூட்டை மற்றதற்குள் அனுப்புவது. ஒரு பக்கத்திலிருந்து போன ரூட் மறு ரூட்டர் வழியாகச் சுற்றித் திரும்பி வந்துவிடக் கூடாது, அதற்கு ஃபில்டர் போட வேண்டும். எனக்கு அந்த அளவுக்குக் கை வராது என்றுதான் ஆள் தேடினேன்.

அந்த ஆள் திரையைப் பகிர்ந்து, எந்த ரூட்டை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியலான ரூட்-மேப்பைக் காட்டி, "இதோ பாருங்க சார், டினை 10, மேட்ச் டேக் 110. அந்தப் பக்கத்து ரூட் எதுவும் திரும்பி வராது" என்று வரி வரியாக விளக்கினார். டேக் என்றால் ரூட் மீது ஒட்டும் அடையாள எண்; அந்த எண் உள்ளதைத் தடு என்பதே அந்த வரி. அவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதில்தான் விழுந்தேன். அன்றைக்கே முழுப் பணத்தையும் விடுவித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கிளை லிங்க் ஒருமுறை விழுந்து எழுந்தது, அவ்வளவுதான். ட்ரேஸ்ரூட் (தரவு போகும் வழியைக் காட்டும் கட்டளை) போட்டால் அதே இரண்டு முகவரிகள், மாறி மாறி, முப்பது வரி; தரவு சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிளையின் ஸ்டாட்டிக் ரூட்கள் (கையால் எழுதியவை) ஈஐஜிஆர்பியில் எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வந்தவையாக வருகின்றன, அவற்றின் டிஸ்டன்ஸ் 170; இந்த எண் குறைவாக உள்ளதைத்தான் ரூட்டர் நம்பும். அதே ரூட் மற்ற ரூட்டர் வழியாக ஓஎஸ்பிஎஃப்பில் 110-க்கு வந்தால் ரூட்டர் 110-ஐத்தான் எடுக்கும், எடுத்ததைத் திரும்ப ஈஐஜிஆர்பிக்குள்ளேயே தள்ளும். இதைத் தடுக்கத்தானே ஃபில்டர்!

நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் சொன்னார்: டேக்கைத் தேடும் மேட்ச் டேக் இருக்கிறது, டேக்கை ஒட்டும் செட் டேக் எங்குமே இல்லை. கையில் முத்திரை உள்ளவனை உள்ளே விடாதே என்று வாசலில் ஆள் நிறுத்திவிட்டு, யார் கையிலும் முத்திரையே குத்தாமல் விட்டது போல. எல்லா ரூட்டும் டேக் 0, எல்லாமே அடுத்த பெர்மிட் (அனுமதி) வரியில் தாராளமாகப் போய்விட்டன.

அந்த ஆளிடம் கேட்டால் "உங்க லைன் பிரச்சினை, சர்வீஸ் ப்ரொவைடரைக் கேளுங்க." ட்ரேஸ்ரூட் படத்தை அனுப்பினேன், பார்த்த அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. தளத்தின் உதவிப் பிரிவோ "வேலை முடிந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்" என்று ஒரே வாசகத்தை மூன்று முறை ஒட்டி அனுப்பியது. செட் டேக் என்றால் என்ன என்று படிக்கக்கூட அங்கே ஆள் இல்லை. இரண்டு மாத வருமானம் சார், இரண்டு மாதம்! அந்தக் கிளை அரை நாள் முடங்கியதற்கு நான்தான் போய்த் தலைகுனிந்து நின்றேன்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பணத்தைப் பாதி பிடித்து வையுங்கள். மேட்ச் டேக் காட்டினால் செட் டேக் எங்கே என்று கேளுங்கள், இரண்டு ரூட்டரிலும், இரண்டு திசையிலும். ஒரு லிங்க்கை அவர் கண் முன்னாலேயே ஷட் செய்து திரும்ப எழுப்பி, ரூட் டேபிளைப் பார்த்த பிறகுதான் பணத்தை விடுவிக்கும் பொத்தானை அழுத்துங்கள். ரூட்டரின் பழைய கான்ஃபிக் (அமைப்பு) நகல் கையில் இருக்கட்டும், என்னிடம் அது மட்டும்தான் மிச்சம்.